யானைக்குப் பழம் ஊட்டும் டீக்கடை: சந்தேகங்களும் விளக்கங்களும்

விடுமுறை விட்டதும் கம்பத்திலிருந்து குமுளிக்கும், போடிமெட்டு வழியாக மூணாறுக்கும், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கமும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறோம். டீ குடித்துக்கொண்டே யானைக்குப் பழம் கொடுக்கலாம் என்றால் பிள்ளைகள் வண்டியை நிறுத்தாமல் விடமாட்டார்கள். நிறுத்துவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

அப்படிப்பட்ட இடங்கள் உண்மையில் இருக்கின்றனவா?

இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. குமுளி, தேக்கடி வட்டாரத்திலும் மூணாறு–மாட்டுப்பட்டி சாலையிலும் தனியார் யானை மையங்கள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. சவாரி, குளிப்பாட்டுவது, தீனி கொடுப்பது என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஏலம், மிளகுத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் இடங்கள் சிலவற்றிலும் யானையை நிறுத்தியிருப்பார்கள். பாலக்காட்டில் யானை என்றால் பெரும்பாலும் பூரம், ‘வேலை’ எனும் கோயில் திருவிழாக்கள்தான். நெம்மாரா–வல்லங்கி வேலைக்கு நெற்றிப்பட்டம் கட்டி வரிசையாக நிற்கும். ஒரே நாளில் இரண்டு மாவட்டங்களையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டும் தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன.

அனுமதி உள்ள இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டால்தான் தெரியும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. தனியார் யானை வைத்திருக்க வனத்துறையின் உரிமைச் சான்றிதழ் வேண்டும். யானையின் உடலில் அடையாள மைக்ரோசிப் இருக்க வேண்டும். இவை வைத்திருப்பதற்கு மட்டும். காசு வாங்கிச் சவாரி விடவும் வித்தை காட்டவும் 2001ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தில் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். உரிமைச் சான்றிதழை மட்டும் சட்டம்போட்டு மாட்டிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்பவர்களும் உண்டு.

வெறும் காகித விவகாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2024 ஜூனில் அடிமாலிக்கு அருகே கல்லாறில், சவாரி மையம் ஒன்றில் பயணிகளை ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தபோது பாகன் ஒருவரை யானை மிதித்துக் கொன்றது. அந்த மையம் உரிய அனுமதி இல்லாமல் நடந்தது அதன் பிறகுதான் வெளியே வந்தது. கூடவே இருந்து பழகிய பாகனுக்கே இந்தக் கதி. பழத்தட்டோடு நிற்கிற நமக்கு?

என்ன கொடுக்கலாம்?

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தீவனம் வேண்டும். தென்னை ஓலை, பனைமட்டை, புல், மரப்பட்டை எனப் பெரும்பகுதி நார்தான். தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. மாட்டைப் போல அசைபோடும் வயிறும் அதற்கு இல்லை. நார் நொதிப்பதெல்லாம் பெருங்குடல் பக்கத்தில் நடக்கிறது. இந்தக் குடலுக்கு ஓயாமல் தின்பதும் ஓயாமல் நடப்பதும் இரண்டும் தேவை. கட்டிப்போட்ட இடத்தில் நின்றபடி ஓலையும் தண்ணீரும் குறைந்து, வாழைப்பழமும் வெல்லமும் சோறும் கூடினால் வயிறு கட்டிக்கொள்ளும். கேரளப் பாகன்கள் ‘எரண்டக்கெட்டு’ என்று சொல்லி அஞ்சுவது இதைத்தான். வளர்ப்பு யானைகள் பல இதில் செத்திருக்கின்றன.

நீங்கள் கொடுக்கும் நாலு பழம் யானைக்கு ஒன்றும் செய்யாது. உங்களுக்கு முன்னும் பின்னும் வருகிற ஒவ்வொரு குடும்பமும் அதே நாலு பழத்தைக் கொடுப்பதுதான் சிக்கல். அதனால் பாகனிடம், “காலையிலிருந்து என்ன தின்றிருக்கிறது, எப்போது அவிழ்த்து நடத்துவீர்கள்?” என்று கேளுங்கள். தர்ப்பூசணி, வெள்ளரி, கரும்பு, ஓலை ஆகியவை கிடைத்தால் அவற்றைக் கொடுங்கள். பிஸ்கட், சிப்ஸ், நம் சாப்பாட்டில் மிஞ்சியது எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் பையைத் தும்பிக்கைக்கு எட்டும் தூரத்திலேயே வைத்திருக்காதீர்கள்.

குழந்தைகள் கையால் கொடுக்கலாமா?

பாகன் பக்கத்தில் நிற்க, தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, பெரியவர் கையோடு சேர்த்துக் கொடுக்கலாம். பழத்தை நீட்டிவிட்டுச் செல்ஃபிக்காக இழுத்துக்கொள்ளும் விளையாட்டு மட்டும் கூடவே கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழிந்திருந்தால் அந்த ஆண் யானையின் அருகிலேயே போகக் கூடாது. மதகாலத்தில் அதை மக்கள் நடுவே நிறுத்தியிருந்தால், அந்த இடம் மற்ற விஷயங்களில் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு: காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும், யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். இருமல் இருப்பவர்கள் தள்ளி நின்று பாருங்கள். தும்பிக்கையைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு டீக் கிளாஸை எடுங்கள்.

வழியில் காட்டு யானை நின்றால் பழம் போடலாமா?

கூடாது. வண்டியிலிருந்து இறங்கவும் கூடாது. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட யானைக்கு என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகிய அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம் ஆவதற்குள், மே 27 காலையில், அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அதில் காயம்பட்ட ஒருவர் இறந்தார். ஜூன் 5இல் மறுபடியும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூணாறில் ரஜினி படத்தின் பெயரால் அழைக்கப்படும் படையப்பா என்ற காட்டு யானையைச் சீண்டியவர்கள் மீது வனத்துறை வழக்குப் போட்டதும் உண்டு.

செலவு குறைவாக, குடும்பத்தோடு யானை பார்க்க வேறு வழி?

வனத்துறை முகாம்கள்தான். முதுமலையில் தெப்பக்காடு, டாப்ஸ்லிப் அருகே கோழிகமுத்தி இரண்டும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கும் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் சாலை என்பதால் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். முகாமில் நீங்கள் ஊட்ட முடியாது. பாகனும் ‘காவடி’ எனப்படும் அவரது உதவியாளரும் கேழ்வரகு, கொள்ளுக் களியை வெல்லமும் உப்பும் சேர்த்துக் கவளமாக உருட்டி வாயில் வைப்பதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், பழத்தட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிட இதைப் பார்ப்பதில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்வார்கள். பார்வை நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அப்படியும் குமுளியிலோ மூணாறிலோ நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் டீயை மட்டும் குடித்துவிட்டு வண்டியை எடுங்கள்.