கண்காணா மதில்

நீர், நிலம், மலை, காடு என நால்வகை அரண் வகுத்தனர் நம் பண்டை நூலோர். இக்காலத்தே ஐந்தாவதோர் அரணும் வேண்டப்படுகின்றது. ஒரு நாட்டின் பொருளும் வாணிகமும் அரசியற் பதிவுகளும் கணிப்பொறிகளிடத்தும் அவற்றைப் பிணிக்கும் இணையத்தினிடத்தும் ஒப்புவிக்கப்பட்ட பின்னர், பகைவன் எல்லையைக் கடவாமலே அந்நாட்டின் அன்றாட வாழ்வைக் குலைத்தல் கூடும். அங்ஙனமாயின், கண்ணுக்குப் புலனாகாத இம்மதிலைக் காப்போர் யாவர்? படைஞர் மட்டுமோ? அறிஞர்க்கும் குடிமக்கட்கும் இதன்கண் உள்ள பங்கு யாது? எஸ்தோனியா என்னும் சிறு நாட்டின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தக்க விடை பகர்கின்றது. அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

எஸ்தோனியா பால்டிக் கடலின் கீழ்க்கரையில் உள்ளது. அதன் மக்கட்டொகை ஏறக்குறைய 13 லட்சமே. 1991-இல் மீண்டும் விடுதலை பெற்ற அந்நாடு, பெரும்படையும் பெருஞ்செல்வமும் இன்மையின், அறிவையே முதலாகக் கொண்டது. பள்ளிகள்தோறும் கணிப்பொறி அமைக்கும் திட்டம் 1996-இல் அறிவிக்கப்பெற்றது. 2002 முதல் குடிகட்கு மின்னடையாளச் சீட்டு வழங்கப்பெற்றது. நாடு முழுதும் இணையவழியே வாக்களிக்கும் முறை 2005-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில், உலகில் முதன்முதலாக, அங்கே கைக்கொள்ளப்பட்டது.

இவ்வாறு இணையத்தையே பெரிதும் சார்ந்து வாழ்ந்த நாட்டிற்கு 2007-இல் இடர் விளைந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் இறுதியில், தலைநகராகிய தல்லினின் நடுவே நின்ற சோவியத்துப் போர்வீரனது வெண்கலச் சிலையை அரசினர் படையினர் இடுகாட்டிற்கு மாற்றினர். அதனைப் பொறாதார் தெருக்களிற் கலகம் செய்தனர். உடனே இணையத்திலும் தாக்குதல் எழுந்து, ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. அதன் இயல்பை ஓர் உவமையால் விளக்குவாம். ஒரு கடையின் வாயிலில், பொருள் கொள்ளும் எண்ணம் சிறிதும் இல்லாத பல்லாயிரவர் ஒருங்கே வந்து நெருக்கினால், கொள்ள வந்தவன் உள்ளே புகுதல் இயலுமோ? அங்ஙனமே, பல நாடுகளில், உடையவர் அறியாமலே பிறர் வசப்பட்டிருந்த கணிப்பொறிகள் எஸ்தோனிய அரசு, பாராளுமன்றம், பாங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் இணையத்தளங்களுக்குப் பொய் வேண்டுகோள்களை வெள்ளமெனப் பெருக்கின. உருசியாவே இதற்குக் காரணம் என எஸ்தோனியர் பலர் கூறினர். உருசிய அரசு அதனை மறுத்தது.

அன்று நாட்டைக் காத்தது பீரங்கியன்று. 2006-இல் அரசு அமைத்திருந்த கணிப்பொறி இடர்காப்புக் குழு மிகச் சிறியது. எனினும் அக்குழுவினரும், பாங்கிகளின் பொறியாளரும், இணைய நிறுவனத்தாரும் முன்னரே ஒருவரையொருவர் அறிந்தவர். தேர்தற் பணியிற் கூடி உழைத்தவர். ஆதலின் ஆணைக்குக் காத்திராது ஒருவர்க்கொருவர் செய்தி பகர்ந்து, பொய்வெள்ளத்தைத் தடுத்தனர். வேண்டுமிடத்து வெளிநாட்டுத் தொடர்பையும் சின்னாள் துண்டித்தனர். இடர் வந்தபின் தேடிக் கொள்வதன்று நட்பு என்பது இதனாற் பெறப்படும்.

இந்நிகழ்ச்சியில் எம் உள்ளத்தைத் தைத்த செய்தி ஒன்றுண்டு. அத்தாக்குதல்களில் ஒன்றன் பொருட்டு 2008-இல் தண்டம் விதிக்கப்பெற்றவன், எஸ்தோனியாவிலேயே வாழ்ந்த இருபது வயது மாணவன். அவன் செலுத்த வேண்டிய தண்டம் 17,500 குரோன். எம்மினும் ஓராண்டே மூத்தவன். தன் அறையிலிருந்தே தன் நாட்டின் மதிலில் மோதினான். அவனை ஒத்த கல்வியுடைய பிறரோ அதே மதிலைக் காத்து நின்றனர். கல்வி இரண்டிற்கும் ஒன்றே. அதனைச் செலுத்திய உள்ளமே வேறு.

இதன்பின் அந்நாட்டார் அத்தற்செயலான நட்பை நிலையான அமைப்பாக்கினர். 2008-இல் நேட்டோவின் இணையக் காப்பு ஆராய்ச்சி நிலையம் தல்லினில் நிறுவப்பெற்றது. அதன் அழைப்பிற் கூடிய சட்ட அறிஞர், போர்ச் சட்டம் இணையவெளியில் எங்ஙனம் செல்லும் என ஆராய்ந்து எழுதிய தல்லின் கையேடு 2013-இல் வெளிவந்தது. 1918-இல் தோன்றிய தொண்டர் படையாகிய கைட்செலீட்டின்கண், 2011-இல் இணையக் காப்புப் பிரிவொன்று சேர்ந்தது. பகலில் தத்தம் தொழில் புரியும் பொறியாளரும் வழக்கறிஞரும் பிறரும் ஓய்வு நேரத்தில் அதிற் பயில்கின்றனர். தல்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், 1632-இல் நிறுவப்பெற்ற தார்த்துப் பல்கலைக்கழகமும் கூடி இத்துறையில் முதுநிலைக் கல்வி அளிக்கின்றன.

நிற்க. இம்மூவர் கூட்டத்தில் ஓர் இடர்ப்பாடும் உளது. மறைத்தல் படைஞர் இயல்பு. வெளியிடல் அறிஞர் இயல்பு. தம் உரிமை குறையாதிருத்தல் குடிமக்கள் விருப்பு. இவை முரணாவோ எனின், 2017-இல் நிகழ்ந்ததனைக் காட்டுவாம். செக்கு நாட்டு மசாரிக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், ஒருவகைச் சில்லில் மறைத்திறவுகள் ஆக்கப்படும் முறையிலே பிழை கண்டனர். அச்சில்லே எஸ்தோனியரின் ஏறத்தாழ 7½ லட்சம் அடையாளச் சீட்டுகளில் இருந்தது. அவர்கள் முதலிற் சில்லைச் செய்தோர்க்கு அறிவித்து, பல திங்கள் பொறுத்து, பின்னரே உலகறிய வெளியிட்டனர். ஆகஸ்டு இறுதியிற் செய்தி பெற்ற எஸ்தோனிய அரசோ, அக்டோபரில் தேர்தல் வரவிருந்தும், செப்டம்பர் முதல் வாரத்திலேயே குடிகட்கு அதனை எடுத்துரைத்தது; திருத்தம் ஆயத்தமான பின், திருத்தப்பெறாச் சீட்டுகளின் மின்சான்றுகளை நவம்பர் தொடக்கத்தில் நிறுத்தியது.

இங்கே அறிஞர் பொறுத்தமையும் அரசு மறையாமையும் ஒருங்கே போற்றற்குரியன. தன் மதிலிலுள்ள விரிசலைத் தன் குடிகட்குக் காட்ட நாணுகின்ற அரசு அம்மதிலைத் திருத்தவும் இயலாது. காவலின் பெயரால் குடிகளை ஒற்றாடப் புகுமாயின், அவர்தம் நம்பிக்கையை இழக்கும். நம்பிக்கை ஒழிந்தவழித் தொண்டரும் வாரார்.

அரண் எத்துணைச் சிறப்புடையதாயினும், அகத்திருப்போர் செயற்றிறன் இலராயின் பயனின்று என்பது நாம் நூல்களிற் கற்ற உண்மை. மாணவ நண்பர்காள், இவ்வைந்தாம் அரணின் அகத்திருப்போர் வேறு எவரோ அல்லர், அவர் நாமே.