வீட்டில் ஓடிய தளம் சர்வரில் ஏன் தடுமாறுகிறது?

பைத்தானும் ஜாங்கோவும் பதிந்து, சிறிய வெப்சைட் ஒன்றைத் தயாரித்துவிட்டீர்கள். பிரவுசரில் 127.0.0.1:8000 என டைப் செய்தால் அழகாக வருகிறது. அதையே சர்வரில் ஏற்றினால், வண்ணமும் வடிவமும் இல்லாமல் வெறும் எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. பலரும் இந்த இடத்தில்தான் திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

ஜாங்கோ என்பது ஒரு வெப் பிரேம்வொர்க். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் 2003-ல் உருவாகத் தொடங்கியது. 2005-ல் அனைவருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது.

லிங்க் ஒன்றில் கிளிக் செய்தவுடன் பிரவுசர் ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அது முதலில் மிடில்வேர் எனப்படும் அடுக்குகளைக் கடக்க வேண்டும். லாகின் செய்திருப்பவர் யார், படிவம் நம் தளத்திலிருந்து வந்ததுதானா என்பவை இங்கே சோதிக்கப்படும். அடுத்து, யூஆர்எல் பட்டியலில் மேலிருந்து கீழாகத் தேடி, முதலில் பொருந்தும் வரியை ஜாங்கோ எடுத்துக்கொள்ளும். (எனவே வரிகளின் வரிசை முக்கியம்.) எதுவும் பொருந்தாவிட்டால் 404. பொருந்தினால் அதற்குரிய வியூ இயங்கி, டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுத்து, டெம்ப்ளேட்டில் நிரப்பும். பதில், வந்த அடுக்குகள் வழியே திரும்பிச் செல்லும்.

வீட்டில் நீங்கள் இயக்கிய 'ரன்சர்வர்' பழகுவதற்கு மட்டுமே. படங்களையும் சிஎஸ்எஸ் பைல்களையும் அதுவே தேடிக் கொடுத்துவிடும். உண்மையான சர்வரில் பெரும்பாலும் என்ஜின்எக்ஸ் வாசலில் நிற்கும். அதன் பின்னால் குனிகார்ன் நம் புரோகிராமை இயக்கும். குனிகார்னுக்கு சிஎஸ்எஸ் பைல் கொடுக்கும் வேலை தெரியாது. எனவே செட்டிங்ஸில் 'ஸ்டாட்டிக் ரூட்' என்ற இடத்தில் ஒரு போல்டரைக் குறிப்பிட்டு, 'கலெக்ட்ஸ்டாட்டிக்' கட்டளையைக் கொடுங்கள். பைல்கள் எல்லாம் அங்கே சேரும். அந்த போல்டரை என்ஜின்எக்ஸுக்குக் காட்டிவிட்டால் தளம் பழைய அழகுக்கு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. செட்டிங்ஸில் 'டீபக்' என்பது 'ட்ரூ' என்றே இருந்தால், பிழை ஏற்படும்போது புரோகிராமின் வரிகள், மாறிகளின் மதிப்புகள் எல்லாம் பார்வையாளர் திரையில் கொட்டப்படும். பாஸ்வேர்ட் போன்ற பெயருள்ள செட்டிங்ஸை ஜாங்கோ நட்சத்திரக் குறிகளால் மறைத்துவிடும். வாடிக்கையாளரின் போன் நம்பரை மறைக்காது. ஒரு கடைக்காக நான் செய்த முதல் தளத்தில் இதை மாற்ற மறந்துவிட்டேன். ஆர்டர் கொடுத்தவர் ஒருவர், தன் முகவரியோடு வந்த பிழைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்று அவருக்கு என்ன பதில் சொல்வது என்றே புரியவில்லை.

எனவே 'பால்ஸ்' என மாற்றுங்கள். தளத்தின் பெயர் 'அலவ்டு ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 400 பிழைதான் வரும். 'செக்' கட்டளையுடன் '--டெப்ளாய்' சேர்த்துக் கொடுத்தால், மறந்தவற்றை ஜாங்கோவே எச்சரிக்கும்.

மாற்றிய பின் குனிகார்னை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரன்சர்வர் போல அது மாற்றங்களைத் தானாகக் கவனிக்காது.