தீப்பெட்டித் தொட்டில்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று உரோமைச் சிறுவர், தங்கள் வீட்டுக் குடிலின் குழந்தை இயேசு சுரூபத்தைப் புனித பேதுரு வளாகத்துக்குக் கொண்டு வருவார்கள். திருத்தந்தை அவற்றை மந்திரிப்பார். 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிய வழக்கம் இது.

நம் பிள்ளைகளோ அந்தச் சுரூபத்தைத் தாங்களே செய்யலாம். காலித் தீப்பெட்டியின் உள்தட்டு தொட்டிலாகும். ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் துண்டைப் பிள்ளை அதில் இடட்டும். களிமண்ணை விரலளவு உருட்டி, ஈரம் தொட்டு, தலைக்கு ஓர் உருண்டையை ஒட்டி நிழலில் காயவையுங்கள்.

தலை கோணலாகலாம். நீங்கள் திருத்தாதீர்கள், கடைச் சுரூபத்தை மாற்றி வைக்காதீர்கள். தன் காணிக்கை ஆண்டவருக்குப் போதாது என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும். தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவருக்கு அந்தக் கோணல் குறையல்ல. கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலி முடிந்ததும், பிள்ளையே அதைத் தொட்டிலில் கிடத்தட்டும்.