ஒரே தீவு... இரண்டு கடிகாரம்!

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறீர்களா? ஜாதகம் கைக்கு வந்துவிட்டதா? பெண் 2001-ல் இலங்கையில் பிறந்தவரா?

அப்படியானால் பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்னால் பதினோராவதாக ஒரு பொருத்தம் பார்த்தாக வேண்டும். கடிகாரப் பொருத்தம்!

'பிறந்த நேரம் காலை 6.10' என்று போட்டிருக்கிறதே, அது எந்த 6.10? இப்படிக் கேட்டால் ஜோசியர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். கேள்வி நியாயமானதுதான். அந்த வருடம் வவுனியாவில் மணி 6.10 என்றால், அதே விநாடியில் கிளிநொச்சியில் மணி 5.40. இரண்டு ஊருக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர்கூட இருக்காது. கிழக்கு மேற்காக இருந்தாலாவது சூரியன் மேல் பழியைப் போடலாம். இவையோ தெற்கு வடக்கு. சூரியன் இரண்டு ஊருக்கும் சேர்ந்தாற்போல்தான் உதித்தது. கடிகாரம்தான் சேரவில்லை!

இந்தக் கூத்து எப்படி வந்தது?

1996 மார்ச்சில் இலங்கை உலகக் கோப்பையைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறதா? ஜெயசூர்யாவும் அரவிந்த டி சில்வாவும் வெளுத்து வாங்கினார்களே, அந்த வருடம்தான். கோப்பை வந்தது, மழைதான் வரவில்லை! அப்போது இலங்கையின் கரண்டில் பெரும்பங்கு நீர்மின்சாரம். அணைகள் வறண்டன. தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அரசாங்கம் யோசித்தது. மழையைத்தான் வரவழைக்க முடியாது, கடிகார முள்ளையாவது நகர்த்தலாமே!

1996 மே 25. நள்ளிரவு 12 மணி அடித்ததும் அதை 1 மணி என்று அறிவித்தார்கள். கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியிருந்த நாடு, ஒரே ராத்திரியில் ஆறரை மணி நேரம் முந்திக்கொண்டது.

இதனால் எப்படி கரண்ட் மிச்சமாகும்? கணக்கு ரொம்ப சிம்பிள். சாயங்காலம் ஆறரைக்கு இருட்டுகிறது, லைட்டைப் போடுகிறோம். பத்தரைக்குப் படுக்கிறோம். ஆக, நாலு மணி நேரம் லைட். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினால் ஏழரைக்குத்தான் இருட்டும். படுப்பது என்னவோ அதே பத்தரைக்கு. லைட் மூன்று மணி நேரம்தான். ஒரு மணி நேரம் லாபம்! ஐரோப்பாவும் அமெரிக்காவும் கோடையில் செய்வது இதைத்தான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இலங்கை, இந்தியா இரண்டுமே இப்படிக் கடிகாரத்தை முன்னே தள்ளி, 1945 அக்டோபரில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பின.

ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது சார். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. கோடையில் அத்தனை வெளிச்சம் உபரியாகக் கிடக்கிறது, எடுத்துச் சாயங்காலத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கொழும்பிலோ வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. சாயங்காலம் சேர்த்துக்கொண்ட வெளிச்சத்தைக் காலையில் கொடுத்தே ஆக வேண்டும். வலது பாக்கெட்டிலிருந்து எடுத்து இடது பாக்கெட்டில் போட்ட கதை! காலை ஆறு மணிக்கு உதித்த சூரியன் ஏழு மணி சுமாருக்கு ஆபீஸ் வந்தார். பிள்ளைகள் இருட்டில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். ராத்திரி அணைத்த லைட்டைக் காலையில் போட வேண்டியதாயிற்று.

அப்புறம் என்ன? அந்த ஒரு மணி நேரக் கடனை அரசாங்கம் தவணை முறையில் திருப்பிக் கொடுத்தது. முதல் தவணை அரை மணி, ஐந்தே மாதத்தில், 1996 அக்டோபர் 26-ல். மீதி அரை மணிக்கு ஒன்பதரை வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று!

அந்த ஒன்பதரை வருடமும் தனுஷ்கோடியில் மணி 9 என்றால், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல் தாண்டி, தலைமன்னாரில் 9.30. சோமவார ராகு காலம் ஏழரைக்கு ஆரம்பிப்பது நமக்கு மனப்பாடம். அங்கே புதுக் கடிகாரத்தைப் பார்ப்பவர் அரை மணி கூட்டி எட்டு என்று கணக்குப் போட வேண்டும். உச்சிப் பொழுதுக்குப் பின் உண்ணக் கூடாது என்பது புத்த பிக்குகளின் விதி. சூரியன் உச்சிக்கு வரும்போது கொழும்புக் கடிகாரம் 12.40 காட்டினால், பாவம், எந்த உச்சியை நம்புவது?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாத பாதி ஒன்று உண்டு.

அது போர்க்காலம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் கொழும்பு அறிவித்த புது நேரத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரையே ஓடியது. ஆக, ஒரே தீவில் இரண்டு நேரம். இது சூரியன் போட்ட எல்லை இல்லை, யுத்தம் போட்ட எல்லை. ராணுவம் எங்கே நின்றதோ அங்கே புதிய நேரம். புலிகள் எங்கே நின்றார்களோ அங்கே பழைய நேரம். இதனால்தான் கிளிநொச்சி கை மாறியபோது கடிகாரமும் மாறியது.

2002-ல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 சாலையைத் திறந்தார்கள். வவுனியாவில் காலை 9 மணிக்கு பஸ் ஏறுகிறவர் ஓமந்தையைத் தாண்டினால் வன்னிக்குள் மணி 9 ஆகியிருக்காது! அரை மணி இனாம். சந்தோஷப்பட வேண்டாம், வடக்கே முகமாலையைத் தாண்டி யாழ்ப்பாணப் பக்கம் போனதும் அந்த அரை மணியைப் பிடுங்கிக்கொள்வார்கள். 'எத்தனை மணிக்கு வருவீங்கள்?' என்று உறவுக்காரர் கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். 'பழைய நேரமோ, புதிய நேரமோ?'

2006 ஏப்ரல் 15. தமிழ், சிங்களப் புத்தாண்டுக்கு மறுநாள். நள்ளிரவு 12.30-ஐ மறுபடி 12.00 ஆக்கி, கொழும்பு ஐந்தரைக்கே திரும்பியது. கொழும்பில் குடியிருந்த விஞ்ஞானக் கதை மன்னர் ஆர்தர் சி. கிளார்க், 'இந்த அரை மணிக் கணக்கு தொல்லை' என்கிற ரீதியில் ஆட்சேபித்துப் பார்த்தார். எடுபடவில்லை.

பத்து வருடத்துக்குப் பிறகு கொழும்பு, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, சென்னை எல்லாம் ஒரே மணி! ஆனால் அதே வருடம் ஆகஸ்டில் சண்டை மூண்டு, ஏ-9 சாலை மூடிக்கொண்டது. கடிகாரங்கள் ஒத்துப்போன நாலாம் மாதம் பாதை அடைபட்டது. போர் முடிந்தது 2009 மே மாதத்தில்.

நாளைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேரப் பட்டியலைத் திறந்து பாருங்கள். சென்னைக்கு ஒரு வரி, ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவுக்குத் தனியாக ஒரு வரி. இரண்டும் ஐந்தரைதான். பின்னே எதற்கு இரண்டு வரி என்றால், இன்றைய நேரம் ஒன்றானாலும் நேற்றைய நேரம் வேறு. 2001-ல் கொழும்பில் நடந்ததை சென்னைக் கணக்கில் போட்டால் அரை மணி உதைக்கும். கம்ப்யூட்டருக்கு அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதன் பட்டியலிலும் வன்னிக்கென்று தனி வரி கிடையாது.

அதனால்தான் சொல்கிறேன், ஜாதகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெண்ணின் அம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அம்மா, உங்கள் மகள் பிறந்தபோது நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள்?"

லக்னம் தெரிகிறதோ இல்லையோ, அந்தக் குடும்பம் கடந்து வந்த பாதை தெரியும். பொருத்தத்துக்கு அதுதானே முக்கியம்!