இறுதி ஆட்டம் ஏன் மறப்பதில்லை?

2022ஆம் ஆண்டு டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. கடத்தூரில் எங்கள் தெருவில் கிறிஸ்மஸ் குடில் கட்டும் வேலை பாதியில் நின்றுபோனது. மூங்கிலையும் வைக்கோலையும் அப்படியே போட்டுவிட்டு, இளைஞர்கள் எல்லாரும் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் முன் கூடிவிட்டார்கள். கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதின.

அந்த வீட்டுப் பாட்டிக்குக் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. சத்தத்தில் தூக்கம் வராமல் எழுந்து வந்து உட்கார்ந்தவர், ஆட்டம் முடியும்வரை நகரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது அவர் கேட்ட கேள்வி இதுதான்: "மூணு கோல் போட்டும் தோத்துப்போனானே அந்தப் பையன், தரையிலேயே உட்கார்ந்துட்டான். பாவம், அப்புறம் ஏதாவது சாப்பிட்டானா?"

கோப்பையை வாங்கிய மெஸ்ஸியைப் பற்றி அவர் கேட்கவில்லை. தோற்றுப்போன எம்பாப்பேயைப் பற்றித்தான் கேட்டார். ஆண்டு முழுவதும் எத்தனையோ ஆட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒரு சில மட்டும், விளையாட்டே தெரியாதவர் மனதிலும் தங்கிவிடுவது ஏன்? சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

நாளை என்பது இல்லை

முதல் காரணம், எதை இழக்கப் போகிறோம் என்பது எல்லாருக்கும் புரிகிறது. லீக் போட்டியில் இன்று தோற்றால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். இறுதி ஆட்டத்தில் அடுத்த வாரம் கிடையாது. 90 நிமிடங்கள். சமநிலை என்றால் இன்னும் 30 நிமிடங்கள். அதுவும் போதாவிட்டால் அணிக்கு ஐந்து பெனால்டி உதைகள். ஆஃப்சைடு விதி தெரியாதவருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

சில நேரங்களில் லீக் போட்டியே இறுதி ஆட்டமாக மாறிவிடுவதும் உண்டு. 2019 மார்ச் 9 அன்று நம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் அதுதான் நடந்தது. ஐ-லீக் போட்டியின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி 40 புள்ளிகள், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி 39 புள்ளிகள். அதே மாலையில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. பிற்பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் ஒரு கோலும், தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்களும் அடிக்க, சென்னை சிட்டி 3-1 என்று வென்றது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்தது. 43க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், தமிழகத்தைச் சேர்ந்த ஓர் அணி முதன்முறையாக ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

ஒரு கோலின் எடை

இரண்டாவது காரணம், கால்பந்தில் கோல் அரிது. கிரிக்கெட்டில் ஓர் ஓவரில் இருபது ரன் கொடுத்தாலும் சரிக்கட்ட இடம் இருக்கிறது. கால்பந்தில் ஒரே ஒரு கோல் முழு ஆட்டத்தையும் புரட்டிவிடும். கடைசி நிமிடங்களில் அப்படி நடந்தால் அது எளிதில் மறப்பதில்லை.

2015 டிசம்பர் மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் அரையிறுதிக்கு வந்திருந்த சென்னையின் எஃப்.சி. அணி, தன் சொந்த மைதானத்தில் விளையாட வேண்டிய ஆட்டத்தைப் புனே நகரில் விளையாட நேர்ந்தது. அதில் வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தது. டிசம்பர் 20 அன்று கோவா மாநிலம் ஃபட்டோர்டா விளையாட்டரங்கில், உள்ளூர் அணியான எஃப்.சி. கோவாவை எதிர்த்து ஆட்டம்.

முற்பாதியில் கோல் இல்லை. பிறகு ஆளுக்கு ஒரு கோல். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. அரங்கம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 90ஆவது நிமிடத்தில், கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் பெயரிலேயே ஒரு சேம்சைடு கோல் விழுந்தது. அதிர்ச்சி அடங்குவதற்குள், கூடுதல் நிமிடங்களில் மென்டோசா அடித்த கோலால் சென்னை 3-2 என்று வென்றது. சில நிமிடங்களில் கோப்பை கைமாறிவிட்டது. தண்ணீர் வடியாத நாள்களில் சென்னைக்கு வந்த ஒரு நல்ல செய்தி அது.

விழுந்தவரின் முகம்

மூன்றாவது காரணம்தான் பாட்டியின் கேள்வியில் இருக்கிறது. கோல் கணக்கை விட மனிதரின் முகமே நமக்கு நினைவில் நிற்கிறது. வெற்றி பெற்றவர்களின் முகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தோற்றவரின் முகத்தில் நாம் நம்மையே காண்கிறோம். தேர்வில் தவறியவரும், விளைச்சலுக்கு விலை கிடைக்காமல் சந்தையிலிருந்து திரும்பியவரும் அந்த முகத்தை அறிவார்கள்.

அன்று ஃபட்டோர்டாவில் கட்டிமணியும் அப்படித்தான் நின்றார். அதே ஆட்டத்தில் அவர் பெனால்டி உதையைத் தடுத்திருந்தார். ஆனால் பேசப்பட்டது அந்த ஒரு தவறுதான். கோல்கீப்பர் வேலையே அப்படிப்பட்டது. முன்வரிசை ஆட்டக்காரர் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை கோல் அடித்தால் வீரர். கோல்கீப்பர் பத்து முறை காப்பாற்றி ஒரு முறை தவறவிட்டால் குற்றவாளி.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. கட்டிமணி விளையாட்டை விட்டுவிடவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 மார்ச் 20 அன்று, அதே ஃபட்டோர்டா விளையாட்டரங்கில் மற்றோர் இறுதி ஆட்டம். இம்முறை அவர் ஹைதராபாத் அணியின் கோல்கீப்பர். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். 1-1 என்ற சமநிலைக்குப் பின் பெனால்டி உதைகள். கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். 3-1 என்ற கணக்கில் ஹைதராபாத் சாம்பியன் ஆனது. எந்த மைதானத்தில் தலைகுனிந்து நின்றாரோ, அதே மைதானத்தில் தோழர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கத்தார் இறுதி ஆட்டத்திலும் இதைப் போன்ற ஒன்றைக் கண்டோம். கூடுதல் நேரத்தின் கடைசிக் கட்டத்தில் அர்ஜென்டினாவின் மொன்டியேல் கையில் பந்து பட்டதால், பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்து ஆட்டம் 3-3 ஆனது. அந்த நேரத்தில் அவர் மனநிலை எப்படி இருந்திருக்கும்! ஆனால் பெனால்டி உதைகளின்போது, கோப்பையை உறுதிசெய்த உதையை அடிக்க அவரைத்தான் அணி அனுப்பியது. அவரும் அடித்தார். தவறு செய்தவர் என்று அணி அவரை ஒதுக்கி வைக்கவில்லை.

நம் மைதானத்தில்

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு ஒரு சிறுவன் நினைவுக்கு வருகிறான். சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில் எங்கள் பகுதிச் சிறுவர்கள் தங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். பரிசு ஒரு சிறிய கோப்பையும் ஒரு பந்தும். இறுதி ஆட்டத்தில், மெதுவாக உருண்டு வந்த பந்து கோல்கீப்பராக நின்ற அந்தச் சிறுவனின் கால்களுக்கு இடையே போய்விட்டது. அணி தோற்றது. அன்றே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். மறுவாரத்திலிருந்து அவன் மைதானத்துக்கு வரவில்லை. பந்து விளையாடுவதையே விட்டுவிட்டான்.

அந்தப் போட்டியில் வென்றது யார் என்று இன்று எனக்கு நினைவில்லை. கோப்பை யார் வீட்டில் இருக்கிறது என்பதும் தெரியாது. அவன் முகம் மட்டும் நினைவில் இருக்கிறது.

கட்டிமணிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க அணிகள் இருந்தன. மொன்டியேலை நம்பிப் பந்தைக் கொடுக்கத் தோழர்கள் இருந்தார்கள். எங்கள் மைதானத்தில் அந்தச் சிறுவனின் தோளில் கை போட யாரும் இல்லை. "பரவாயில்லடா, அடுத்த வாரம் நீதான் கோல்ல நிக்கணும்" என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்தக் கோடையிலும் நம் ஊர்களில் போட்டிகள் நடக்கும். நம் பிள்ளைகள் கோல் அடிக்கும்போது கைதட்டுவோம். கோல் விடும்போது என்ன செய்யப் போகிறோம்? வேடிக்கை பார்க்க வந்து, கோல் கணக்கைக் கேட்காமல் தோற்ற பையன் சாப்பிட்டானா என்று கேட்ட அந்தப் பாட்டி, ஆட்டத்தை நம் எல்லாரையும் விட நன்றாகவே பார்த்திருக்கிறார்.