காப்பாற்ற வந்தவர்களைச் சட்டம் எங்கே நிறுத்துகிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 27 அன்று, நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களை உலகம் நினைவுகூர்கிறது. ஆஷ்விட்ஸ் முகாம் 1945இல் விடுவிக்கப்பட்ட நாள் அது. 2005இல் ஐ.நா. பொதுச்சபை அதை நினைவு நாளாக அறிவித்தது. சாத்தூரிலும் சிவகாசியிலும் வழக்கு நடத்தும் நமக்கும், விருதுநகர்க் கல்லூரிகளில் அம்பேத்கர் வாசகர் வட்டம் நடத்தும் மாணவர்களுக்கும் அந்த நாளோடு என்ன தொடர்பு என்ற கேள்வி நியாயமானதே. அந்த நினைவு கொல்லப்பட்டவர்களோடு நிற்பதில்லை. உயிர் தப்பியவர் என்ன ஆனார், அவருக்குக் கதவைத் திறந்தவர் யார், கதவைச் சாத்தியவர் யார் என்றும் அது கேட்கிறது. சாதி வன்முறையைப் பற்றிய நம் நினைவில் இந்தக் கேள்விகளுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

முதலில் இந்தியாவைப் பார்ப்போம். 1933க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பிய யூதர்களில் சிலர் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் வந்தனர். வந்தவர் அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று யாராவது பொறுப்பேற்க வேண்டியிருந்தது. 1934இல் பம்பாயில் தொடங்கப்பட்ட யூத நிவாரணச் சங்கம் அந்தப் பொறுப்பைச் சுமந்தது. யூத மருத்துவர்களும் வல்லுநர்களும் வரட்டும் என்று நேரு குரல் கொடுத்தார். உள்ளூர் மருத்துவர்களிடையே எதிர்ப்பும் இருந்தது. பெர்லினிலிருந்து வெளியேறிய கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். பின்னர் புவனேசுவர் நகரைத் திட்டமிட்டவரும் அவரே. 1939இல் போர் மூண்டதும், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களில் பலரையே ‘எதிரி நாட்டவர்’ என்று பிரிட்டிஷ் அரசு முகாம்களில் அடைத்தது. கொலைகாரனும் அவனிடமிருந்து தப்பியவனும் ஒரே கடவுச்சீட்டை வைத்திருந்தால் காவல்துறைக்கு இருவரும் ஒன்றுதான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் இயக்குநராக இருந்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. இராமன். கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியை யூதர் என்பதால் இழந்த இயற்பியலாளர் மாக்ஸ் போர்னை இராமன் அழைத்தார். 1935-36இல் போர்ன் சுமார் ஆறு மாதங்கள் அங்கே பணியாற்றினார். அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர இராமன் முயன்றபோது, ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாடே துரத்திவிட்ட இரண்டாம் தர ஆள் இக்கழகத்துக்குப் பொருந்தமாட்டார் என்ற பொருளில் பேசினார். போர்ன் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் அழுததாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பதவி கிடைக்கவில்லை. 1936இல் அவர் எடின்பரோவுக்குப் போனார்; 1954இல் நோபல் பரிசு பெற்றார். இராமன் 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். அதற்குக் காரணங்கள் பல. போர்ன் விவகாரமும் அவற்றுள் ஒன்று.

அந்த அவையில் எவரும் யூதரைக் கொல்ல நினைத்தவர்கள் அல்லர். துரத்தப்பட்டதையே தகுதிக் குறைவுக்குச் சான்றாகக் காட்டினார்கள், அவ்வளவுதான். ஊரைவிட்டு விரட்டப்பட்ட குடும்பம் பக்கத்து ஊரில் வாடகைக்கு வீடு கேட்கும்போது ‘அங்கே என்ன தகராறு பண்ணினீங்க?’ என்று கேட்கப்படும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பேருரை தேவையில்லை.

இன்னொரு கதை சமூக வலைத்தளங்களில் ஆண்டுதோறும் சுற்றுகிறது: நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி யூதக் குழந்தைகளைக் காப்பாற்றினார் என்பது. 1942 முதல் பாலாசடியில் அவர் அடைக்கலம் கொடுத்தது சோவியத் முகாம்களிலிருந்து வந்த போலந்துக் குழந்தைகளுக்கு. அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். சில யூதக் குழந்தைகளும் இருந்தனர். செயல் பெரியது, அதைக் குறைக்கத் தேவையில்லை. கூட்டிச் சொல்லவும் தேவையில்லை. அதே காலத்தில், 1939இல், ஜெர்மனி யூதர்களை நடத்திய விதத்தில் இந்துஸ்தானம் கற்றுக்கொள்ளப் பாடம் இருக்கிறது என்று கோல்வல்கர் எழுதினார். இந்தியர்கள் யூதர்களை எப்போதும் அரவணைத்தார்கள் என்று இன்று மேடையேறிப் பேசுவோர் இதைச் சொல்வதில்லை.

அரவணைப்பு என்ற சொல்லைக் கொச்சியில் வைத்தும் சோதிக்கலாம். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபக்கூடத்தில், முன்னாள் அடிமைகளின் வழிவந்த யூதர்கள் மற்றவர்களோடு சமமாக அமர முடியாது. திருமறையை எடுத்து வாசிக்கவும் உரிமை இல்லை. அந்தப் பிரிவில் பிறந்து சென்னையில் சட்டம் படித்த ஏ.பி. சேலம், ஜெபக்கூடத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்திப் படிப்படியாக அந்தத் தடைகளை உடைத்தார். ஐரோப்பாவில் யூதர்கள் துரத்தப்பட்ட அதே ஆண்டுகளில் இங்கே யூதர்களுக்குள் ஒரு வாசற்படிப் போராட்டம் நடந்தது. சாதி எந்த மதத்தின் வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதில்லை.

இனி நினைவை முறைப்படுத்திய விதத்துக்கு வருவோம். ஜெருசலேமின் யாத் வஷெம் நிறுவனம், யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்களை 1963 முதல் அடையாளம் கண்டு மதிப்பளிக்கிறது. இதுவரை 28,000க்கும் மேற்பட்டோர் அந்தப் பட்டியலில் உள்ளனர். பட்டியலைவிட அதன் நடைமுறையே வழக்கறிஞர்களான எங்களை ஈர்க்கிறது. முடிவு எடுப்பது ஓர் ஆணையம். அதன் முதல் தலைவர் ஐக்மன் வழக்கை விசாரித்த நீதிபதி மோஷே லண்டாவ். காப்பாற்றியவர் தன் உயிரையோ விடுதலையையோ பதவியையோ பணயம் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கூலி வாங்கியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, காப்பாற்றப்பட்டவரின் சாட்சியமோ ஐயமற்ற ஆவணமோ இருக்க வேண்டும். ‘நான் காப்பாற்றினேன்’ என்று உதவியவர் தானே சொல்லிக்கொண்டால் போதாது.

இந்த நினைவை ஓர் அரசு காஸாவின் மீது வீசும் குண்டுகளுக்கு நியாயமாக்கிக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. உயிர் தப்பியவர்களின் நினைவு எந்த அரசின் சொத்தும் அல்ல. அந்த நடைமுறையின் தர்க்கத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அந்தத் தர்க்கத்தை 1939 ஜூலை 8 மீது வைத்துப் பாருங்கள். அன்று வழக்கறிஞர் வைத்தியநாத அய்யர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகள் ஐவர் நுழைந்தனர். அவர்களுள் ஒருவர் பி. கக்கன். உடன் சென்றவர் விருதுநகர் நகர்மன்ற உறுப்பினர் சண்முக நாடார். இந்த நாடார் பெயர் அங்கே தற்செயலாக வந்ததன்று. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அந்தப் பகை முற்றிய காலத்தில்தான், 1899 ஜூன் 6 அன்று, சிவகாசியில் நாடார்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் பறிபோயின. இன்று பட்டாசுத் தொழிலின் முதலாளிகளாக நாம் பார்க்கும் சமூகம், நான்கு தலைமுறைக்கு முன் வாசலில் நிறுத்தப்பட்ட சமூகம். மகமை நிதியால் பள்ளிகள் கட்டி எழுந்ததை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். எரிந்த வீடுகளின் நினைவு அவர்களுடைய ஆலைகளில் மருந்து கலக்கும் தலித் தொழிலாளியை நோக்கி எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதை அந்தச் சமூகத்தின் இளைஞர்கள்தான் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆலய நுழைவுக்குப் பின் பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தனர். வைத்தியநாத அய்யர் தம் சாதியாரின் புறக்கணிப்பைச் சந்தித்தார். நுழைந்தவர்கள் மீதும் துணைநின்ற அதிகாரிகள் மீதும் வழக்கு பாயும் நிலை வந்தது. அப்போது இராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமும், பிறகு 1939ஆம் ஆண்டின் ஆலய நுழைவு அனுமதி மற்றும் காப்புச் சட்டமும் கொண்டுவந்தது. அந்தக் ‘காப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உரிமை பெற்றவர்களோடு, அந்த உரிமைக்குத் துணைநின்றவர்களையும் வழக்குகளிலிருந்து சட்டம் பாதுகாத்தது.

ஆனால் இன்று அந்த நாள் யார் பெயரால் நினைவுகூரப்படுகிறது? அய்யரின் பெயரால். கக்கன் அமைச்சரானதால் அவர் பெயரும் தப்பியது. மற்ற நால்வரின் பெயரை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? உள்ளே நுழையும்போது அவர்கள் என்ன நினைத்தார்கள், ஊர் திரும்பியபின் என்ன நேர்ந்தது என்பதை அன்றே யாரேனும் கேட்டுப் பதிந்திருந்தால், உதவியவரின் மதிப்பும் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப அந்த நீதிமன்றத்தால் முடியவில்லை. அதே இரவில் நிலவுடைமையாளர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டனர். பின்னர் அந்த ஊருக்குச் சென்று, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்டவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உதவி எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்பதில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மேலும் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019இல் தமிழ்நாடு அரசு முன்கூட்டியே விடுவித்தது. அந்த வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொன்னவர்கள் அவர்களை மறுபடியும் அதே வட்டாரத்தில் பார்க்க வேண்டியதாயிற்று.

நாஜிகளின் இன அழிப்பும் சாதி வன்முறையும் ஒன்றல்ல. நாஜிகள் யூதர்களே இல்லாத உலகை விரும்பினார்கள்; சாதிக்குத் தலித்தின் உழைப்பு வேண்டும், அவர் நிமிர்வதுதான் கூடாது. இந்த வேறுபாடு இருந்தும், யூத எதிர்ப்புக்கும் சனாதனத்துக்கும் உள்ள உறவை அம்பேத்கர் 1940களிலேயே சுட்டிக்காட்டினார்.

இப்போது இன்றைய சட்டம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் அவரைச் சார்ந்தோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. பயணச் செலவு, பராமரிப்பு, தேவைப்பட்டால் இடமாற்றம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 2(1)(இ.சி) கூறின்படி ‘பாதிக்கப்பட்டவர்’ என்றால் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், அவருடைய உறவினரும் வாரிசுகளும் அதில் அடங்குவர். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் 3(1)(இசட்.சி) கூறும் பட்டியல் சமூகத்தினர் மீதான புறக்கணிப்பையே சொல்கிறது. இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு அது சரியே; அதை நீர்த்துப்போகச் செய்யும் எந்தத் திருத்தத்தையும் நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். தாக்க வந்த கூட்டத்திடமிருந்து ஒரு தலித் இளைஞரைத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திய பிற சாதிப் பெண் ஒருவர். மறுநாள் முதல் அவருக்குக் கடையில் பொருள் கிடையாது, ஊர்க் குழாயில் தண்ணீர் கிடையாது, மகளின் நிச்சயம் முறிகிறது. வழக்கில் அவர் சாட்சியாகப் பெயரிடப்பட்டால் 15ஏ அவருக்குக் கைகொடுக்கும். காவல்துறை அவரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்காவிட்டால், அந்தப் பாதுகாப்பைப் பெறுவது நடைமுறையில் கடினம். மகாராஷ்டிரம் 2016இல் தனிச் சட்டம் இயற்றிச் சாதிப் பஞ்சாயத்துகள் யாரைப் புறக்கணித்தாலும் குற்றமாக்கியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1939இல் துணைநின்றவர்களுக்குக் காப்புச் சட்டம் தந்த மாநிலம் இது.

பட்டாசு வட்டாரத்தில் இதே இடைவெளிக்கு வேறொரு முகம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தபோது, இறந்தவர்களில் கணிசமானோர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர்; சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்து வெடித்த அறைகள் அவர்களையும் கொண்டுபோயின. விபத்தை இனப்படுகொலையோடு ஒப்பிடவில்லை. ஆனால் ஓடிவந்தவர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கில் வருவதில்லை. தொழிலாளர் அல்லாதோருக்கென 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க, ஐந்து ஆண்டுக் காலவரம்பு உண்டு. ஆலையின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. இதைத் தெரிந்து மனு எழுதித் தரும் ஆள் நம் ஊர்களில் அரிது.

மாணவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். உங்கள் ஊரில் வன்முறையில் தப்பியவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள். யார் அடித்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்; யார் ஒளித்து வைத்தார், யார் சோறு கொடுத்தார், யார் பார்த்தும் பாராமல் போனார் என்றும் கேளுங்கள். உதவியவர் உயிரோடு இருந்தால், அவர் இசைவில்லாமல் பெயரை வெளியிடாதீர்கள். அவர் இன்னும் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார். வழக்கு நிலுவையில் உள்ள சம்பவமென்றால் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கும் முன் அந்த வழக்கின் வழக்கறிஞரிடம் பேசுங்கள். நீங்கள் பதிந்ததற்கும் நீதிமன்றத்தில் சொன்னதற்கும் இடையே ஒரு சொல் மாறினாலும் குறுக்கு விசாரணையில் அது சாட்சியை உடைக்கப் பயன்படும். முதலில் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதிவாகட்டும். சாட்சிக்கு அச்சுறுத்தல் இருந்தால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் அதற்குரிய மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பம் போகட்டும். உங்கள் ஒலிப்பதிவு அதற்குப் பிறகு.