தோலும் நிலமும்

தமிழ்நாட்டிலிருந்து வடக்கே பணிமாற்றம் பெற்று வந்த முதல் மார்கழியில் என் கைகளில் வெடிப்புக் கண்டது. தேய்த்துக் குளிக்க நல்லெண்ணெய் தேடி அலைந்தேன். அருகில் எங்கும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு கிண்ணத்தில் கடுகெண்ணெயை இளஞ்சூடாக்கிக் கொடுத்து, வெயிலில் அமர்ந்து தேய்த்துக்கொள்ளச் சொன்னார். அதன் நெடி பழக எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. வெடிப்போ அதற்கு முன்பே ஆறிவிட்டது.

ஊருக்கு ஊர் எண்ணெய் ஏன் மாறுகிறது? மாணவர்களே, தோலின் பணியை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். அதன் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடையே கொழுப்பு சாந்தைப் போல அமைந்துள்ளது. உடலின் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமிகள் உட்புகாமலும் காப்பது இச்சுவரே. குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு. வெந்நீரும் சோப்பும் சாந்தைக் கரைக்கின்றன. அப்போது பூசும் எண்ணெய் இழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. வட இந்தியாவில் கடுகும் தமிழ்நாட்டில் எள்ளும் கேரளத்தில் தேங்காயும் விளைகின்றன; விளைவதையே மக்கள் பூசினர். ஆயினும், கடுகெண்ணெய் சிலரது தோலில் எரிச்சல் உண்டாக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தண்ணீரே அரிதாக உள்ள நிலத்தில் என்ன செய்வது? ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டின் வடமேற்கில் குனேனே என்னும் வறண்ட பகுதி உள்ளது. அங்கு வாழும் ஹிம்பா இனப் பெண்கள் வெண்ணெய்க் கொழுப்பில் செங்காவிக்கல் பொடியைக் குழைத்து உடலிலும் கூந்தலிலும் பூசுகின்றனர். இக்குழம்பின் பெயர் ஒட்ஜிஸே. நறுமணத்திற்காக அதில் செடியின் பிசினும் சேர்வதுண்டு. குளியலுக்கு ஈடாக, மணமுள்ள இலைகளையும் கட்டைகளையும் புகைத்து அப்புகையில் அமர்கின்றனர். கொழுப்பு ஈரத்தைக் காக்கிறது. காவியிலுள்ள இரும்பு ஆக்சைடு வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்க உதவுகிறது. இதனை அழுக்கு என்று எண்ணுவோர், சொட்டு நீருக்கு நெடுந்தொலைவு நடக்கும் வாழ்வை எண்ணிப் பார்த்ததில்லை.

மியான்மரில் வேறொரு காட்சி. அங்குத் தனகா மரத்தின் பட்டையை வட்டமான கல்லில் நீர்விட்டு அரைத்து, அந்த வெளிர்மஞ்சள் சாந்தைக் கன்னங்களில் வட்டமாகவோ இலை வடிவிலோ தீட்டிக்கொள்கின்றனர். நாம் சந்தனம் அரைப்பதைப் போன்றதே இது. குளிர்ச்சி தரும், வெயிலையும் ஓரளவு தடுக்கும். பெண்களேயன்றிச் சிறுவர்களும் ஆண்களும் இதனைப் பூசுகின்றனர். எலுமிச்சையும் வில்வமும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது இம்மரம்.

இவையெல்லாம் தோலைக் காக்க வந்தவை. தோலின் நிறத்தை மறைக்கவும் மாற்றவும் முற்பட்டபோதுதான் இடர் புகுந்தது. ஜப்பானில் முகத்தை வெண்மையாக்கப் பூசிய மாவில் நெடுங்காலம் ஈயம் கலந்திருந்தது. 1887ஆம் ஆண்டு பேரரசர் மெய்ஜியின் முன்னிலையில் கபுகி நாடகம் நடித்த நகமுரா ஃபுகுசுகே என்னும் நடிகரின் கால், மேடையிலேயே நடுங்கத் தொடங்கியது. காரணம் ஈய நஞ்சு என்று அறியப்பட்டது. ஆண்டுக்கணக்காகப் பூசிய ஒப்பனை நரம்புகளைத் தாக்கியிருந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகளும் இதே ஈய வெண்மையைப் பூசியவர்களே.

அது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. புறஊதாக் கதிர்களை உறிஞ்சி உள்ளே உள்ள செல்களைக் காப்பது அதன் பணி. கருநிறத் தோலில் இக்காவல் மிகுதி. வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம், மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. முகம் வெளுக்கிறது; பாதரசமோ தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தை அடைகிறது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் ஓர் அரிய வகை காணப்பட்டது. அந்தப் பதினைவருள் 13 பேர் வெளுப்பாக்கும் களிம்பு பூசியவர்கள்! களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். தமக்கு வந்த நோய்க்கும் முகக் களிம்புக்கும் தொடர்பிருக்கும் என்று யார்தான் முதலில் ஐயுறுவர்?

பாதரசம் கலந்த அழகுப்பொருள்களை ஒழிப்பதற்கு, 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை வழிசெய்தது. இந்தியாவும் அதனை ஏற்றுள்ளது. இருப்பினும், தயாரிப்பாளர் பெயரற்ற புட்டிகள் கடைவீதியிலும் இணையத்திலும் விலைபோகின்றன.

ஆகவே, வாங்குமுன் உறையைப் படியுங்கள். தயாரித்தவரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்பொருள் பட்டியல் ஆகியவை இல்லையேல் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். பட்டியலில் மெர்குரி, கலோமல் என்னும் சொற்கள் இருந்தால் அது பாதரசமே. பட்டியலே பொய்யாகவும் இருக்கலாம். அப்போதும் ஒரு குறிப்பு காட்டிக்கொடுப்பதுண்டு. 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தால் ஐயுறுங்கள். பாதரசம் தங்கத்தோடு எளிதில் கலந்து அதனை வெளிறச் செய்துவிடும். நகைக்கு ஆகாது என்று விற்பவரே எச்சரிக்கும் பொருளைத்தான் முகத்தில் பூசிக்கொள்ளத் தருகிறார்.